நல்ல மர்மர்

பிப்ரவரி 3, திங்கள்

இந்த டைரி உரக்கடைக்காரர் கொடுத்தது. அட்டையில் கத்தரிக்காய் படம். அங்கன்வாடியில் பதினோரு வருடமாகத் தினமும் பதிவேடு எழுதிப் பழகிய கை இது. கட்டிலில் சும்மா கிடந்தால் அரிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பெரியாஸ்பத்திரி, பெண்கள் வார்டு, ஒன்பதாம் கட்டில். பெயர் ராஜகனி, வயது முப்பத்தாறு. நோய், இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மார்கழியில் இருமும்போது ரத்தம் வந்தது, அதற்கப்புறம்தான் வீட்டுக்காரர் பயந்துபோய்க் கூட்டிவந்தார். தொடை வழியாக பலூன் விட்டு வால்வை விரிப்பார்களாம். இருபத்துநாலாம் தேதி என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் அவ்வளவு தள்ளி என்று கேட்டேன். சீஃப் டாக்டரம்மா சிரித்தார்கள். "இருபதாம் தேதி எங்க பசங்களுக்குப் பரீட்சைம்மா. உன்னோடது ரொம்ப நல்ல மர்மர். அதுவரைக்கும் இருந்து குடுத்துட்டுப் போ, மொத ஆளா உனக்குத்தான் பலூன்."

கேட்கக் கூடாத இடத்தில் கேட்கிற இரைச்சலுக்கு மர்மர் என்று பேராம். என் உடம்பில் இத்தனை வருடத்தில் யாரும் நல்லது என்று சொன்ன முதல் சாமான் இதுதான். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வரிசையில் வருகிறார்கள். ரேஷன் கடை தோற்றது. ஒவ்வொன்றும் கையில் ஆரஞ்சோ பிஸ்கட்டோ வைத்துக்கொண்டு, "அக்கா, ஒரே ஒரு தடவைக்கா."

எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்கிறேன். எனக்கு இப்போது பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பித்த மாதிரி வருகிறது. பன்னிரண்டு வயதில் தொண்டை வலி, காய்ச்சல். ரெண்டு மூணு வாரம் கழித்து முட்டி வீங்கியது. முட்டி சரியானதும் கணுக்காலுக்குப் போனது. அப்புறம் ஓடினால் மூச்சு இரைத்தது. அந்தக் காய்ச்சல் திரும்ப வந்து வால்வைக் கெடுக்காமலிருக்க இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை ஊசி போட்டார்கள். "ஏன்க்கா ஊசிய நிறுத்துனீங்க?" என்று எல்லாரும் கேட்பார்கள். "தெரியாம நிறுத்திட்டேன் தம்பி" என்பேன். அவர்களும் எழுதிக்கொள்வார்கள்.

அப்புறம் ஸ்டெத்தை வைப்பார்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மூச்சை விட்டு நிறுத்தினால்தான் என் சத்தம் கேட்கும். பாவம், பாதிப் பேருக்கு அது ஞாபகம் வராது. நானே "திரும்பிப் படுக்கட்டுமாப்பா?" என்று எடுத்துக் கொடுப்பேன். பரீட்சை அன்று இப்படிச் செய்யக் கூடாதாம், சிஸ்டர் எச்சரித்துவிட்டார்.

கேட்டதா கேட்கவில்லையா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கேட்காதவர்கள் வேகமாகத் தலையை ஆட்டி "ஆங், கேக்குது" என்பார்கள். கேட்டவர்கள் பேசமாட்டார்கள். கண்ணை மூடி, அசையாமல், கொஞ்ச நேரம் வேறெங்கோ போய்விடுவார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று நாற்பத்தொரு பேர். இடது விலா வலிக்கிறது. ஆரஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டுக்காரரும் தாரிணியும் வந்தார்கள். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். இன்றும் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கினார்.

தாரிணி ஏழாம் வகுப்பு. காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துவந்தாள். என்னடி என்றேன். "போன வாரம் முட்டிம்மா. இப்ப கணுக்காலு." கோகோ டீமிலிருந்து எடுத்துவிட்டார்களாம், ஓட மாட்டேன் என்கிறாளாம்.

"ஏட்டி, அம்மா ஆஸ்பத்திரியில கெடக்கேன்னதும் உனக்கு மட்டம் போடத் தோணுதோ? அத்தை செல்லங் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கா" என்று ஒரு பிடி பிடித்தேன். முகம் சுண்டிவிட்டது.

அவர் கண்ணைத் திறக்காமலேயே, "பொங்கலப்ப தொண்ட வலின்னு காய்ச்சல்ல கெடந்துச்சுல்ல, அந்த அசதி இன்னும் போகல போல" என்றார்.

இருக்கும். வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும். நாளைக்குக் கட்டாயம் ஸ்கூலுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். வரும்போது வெந்தயக்களி கொண்டுவந்திருந்தாள், அவளே கிண்டினாளாம். அடிப்பிடித்த வாசம். முழுவதும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஜெபசிங் என்று ஒரு பையன். போன தடவை பரீட்சையில் ஃபெயிலானவன். என்னை மாதிரியே ஒரு நோயாளியைக் கொடுத்திருக்கிறார்கள், இவன் "மர்மர் இல்லை" என்று சொல்லிவிட்டான். அந்தப் பயத்தில் இப்போது யாரைத் தொட்டாலும் மர்மர் கேட்கிறதாம். கேன்டீனில் டீ போடுகிற அண்ணனுக்கும் மர்மர் இருக்கிறது என்று சொல்லி, அந்த மனிதர் ரெண்டு நாள் கடையே திறக்கவில்லை. வார்டு முழுக்க இந்தக் கதைதான்.

இன்று தனியாக வந்தான். மூன்று தடவை வைத்தான், வியர்த்துப்போனான். "பொய் சொல்ல மாட்டேன்க்கா. எனக்கு உங்களோடது இன்னும் கேக்கல" என்றான்.

நான் என் நெஞ்சைப் பார்த்தேன். அவன் வைத்த இடத்தில் வளையல் அச்சு மாதிரி சிவப்பாக வட்டம் விழுந்திருந்தது. கேட்கிறவர்கள் வைத்துவிட்டுப் போனால் எனக்கு அச்சே விழாது. அதைச் சொன்னேன். "நீங்க ரொம்ப அழுத்துறீங்க தம்பி. தூங்குற பிள்ளை நெத்தியில கைய வச்சுக் காய்ச்சல் பாக்குறாப்புல வைங்க."

ஸ்டெத்தின் குழிந்த சின்னப் பக்கத்தைப் பட்டும் படாமல் வைத்தான். ரெண்டு மூச்சு. அப்புறம் கண்ணை மூடினான். கண்ணைத் திறந்தபோது நனைந்திருந்தது.

"கேக்குதுக்கா! தூரத்துல வண்டி உருண்டு போறாப்புல..."

"அதேதான்" என்றேன். எனக்குத்தான் என்ன தெரியும், என் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஆனாலும் பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

பதினாலாம் கட்டிலில் பூ விற்கிற ஆரோக்கியமேரி. அவளுக்கும் வால்வுதான், ஆனால் சுருக்கம் இல்லை, கசிவு. சீஃப் டாக்டரம்மா எங்கள் ரெண்டு பேரையும் வைத்துப் பாடம் நடத்தினார்கள். சுருக்கத்தின் சத்தம் ஒரே இடத்தில் நிற்கும். கசிவின் சத்தம் கக்கம் வரைக்கும் ஓடும். அதனால் கசிவைக் கேட்டவர்கள் ஸ்டெத்தை அப்படியே நகர்த்திக்கொண்டு கக்கத்துக்குப் போவார்கள். மேரிக்குக் கூச்சம், ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறாள்.

படிக்காமலே பாதி டாக்டர் ஆகிவிட்டேன் என்று வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "அப்ப மருந்துக் கடை வச்சிருவோமா?" என்றார். தாரிணி எங்கே என்றால் படுத்திருக்கிறாளாம். மணி ஆறுதான் ஆகியிருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

தாரிணி என் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஜெபசிங் வந்தான். என்னைக் கேட்டு முடித்துவிட்டு, "பாப்பாவ ஒரு தடவ கேக்கட்டுமாக்கா? நல்லா இருக்கிற ஹார்ட் எப்படி இருக்கும்னு பக்கத்துலயே வச்சுக் கேட்டா மனசுல நிக்கும்" என்றான்.

"தாராளமா கேளுங்க. இவ நெஞ்சுல கொழுப்புதான் கேக்கும்" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

வைத்தான். அழுத்தாமல்தான் வைத்தான்.

பேசவில்லை. கண்ணை மூடினான். பிறகு பெரிய பக்கத்தைத் திருப்பி வைத்தான். பிறகு கை மெதுவாக நகர்ந்தது. கக்கத்துக்குப் போனது. தாரிணி கூச்சத்தில் நெளிந்தாள்.

"டீக்கடை அண்ணனுக்குக் கேட்டாப்புலதான தம்பி?" என்றேன். அவன் ஓடிப்போய் டியூட்டி டாக்டர் அம்மாவைக் கூட்டிவந்தான். அந்தப் பெண்ணும் என்ன செய்யும், காலையிலிருந்து நின்ற காலில் நிற்கிறது. பக்கத்துக் கட்டிலில் அழுகை, மேலே மின்விசிறி கடகட என்கிறது. பத்து விநாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஒல்லியான பிள்ளைங்களுக்கு லேசா ஒரு சத்தம் இருக்கும், ஒண்ணும் செய்யாது. சந்தேகம்னா எக்கோ எடுத்துப் பாருங்க" என்று சீட்டு எழுதியது. எக்கோ என்றால் இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன், அதற்குத் தேதி மார்ச் பதினொன்று. போகும்போது, "ஜெபசிங், நீ மொதல்ல உன் பரீட்சையப் பாரு" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாளைக்குக் கணக்குப் பரீட்சை என்று தாரிணியைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ஜெபசிங்கை இனிமேல் என் கட்டில் பக்கம் விடாதீர்கள் என்று சிஸ்டரிடம் சொன்னேன். தானும் கெட்டு, ஊரையும் பயமுறுத்துகிறவன். இல்லாத சத்தத்தைக் கேட்கிற காது என்ன காது.

மூன்று மணிக்கு ஒரு புதுப் பெண் வந்தது, ரெட்டை ஜடை போட்ட பிள்ளை. நோட்டை விரித்து, "சொல்லுங்கக்கா, எப்படி ஆரம்பிச்சுது?" என்றது.

"பன்னெண்டு வயசுல" என்றேன். "தொண்ட வலி, காய்ச்சல். ரெண்டு மூணு வாரம் கழிச்சு முட்டி. முட்டி சரியானதும்..."

அதற்கு மேல் வரவில்லை.

"முட்டி சரியானதும்? எங்க வலிச்சுதுக்கா?"

முன்னூறு தடவை சொல்லியிருப்பேன். முன்னூறு பேரிடம் ஒப்பித்த வாய். அந்தப் பிள்ளை பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில் போன் செய்து அவரிடம், தாரிணிக்கு மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். "மாடியில படுக்க மாட்டேங்கிது, கீழயே படுத்துக்கிருது. தலகாணி ரெண்டு கேக்குது. ஏன்?" என்றார்.

ரெண்டு தலையணை. நான் மூன்று வைத்துப் படுத்திருக்கிறேன்.

சீஃப் டாக்டரம்மாவைப் பார்க்க நாலு தடவை முயன்றேன். பரீட்சை வேலை, வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், நாற்காலி போட வேண்டும், திரை கட்ட வேண்டும். நடையில் வைத்துக் கையைப் பிடித்தேன். "தெரியும்மா, சொன்னாங்க. எக்கோ தேதி இருக்குல்ல? பரீட்சை முடியட்டும், நானே பாக்குறேன்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கெட்டவர்கள் இல்லை. நேரம்தான் இல்லை.

இருபதாம் தேதி காலையில் தாரிணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு இந்த வார்டில் எல்லாப் பெரிய காதுகளும் இருக்கும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஊசியைத் தெரியாமல் நிறுத்தவில்லை. கல்யாணம் பேசினார்கள். பிள்ளைக்கு நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று வீட்டில் சீட்டைக் கிழித்தார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு இன்று வரை தெரியாது. தாரிணிக்கு முட்டி வலி என்றபோது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். வலி முட்டியை விட்டுக் கணுக்காலுக்கு இறங்கியது என்று அவள் சொன்ன நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்கப் பயந்துகொண்டு பிள்ளையைத் திட்டினேன்.

அங்கன்வாடியில் ஒரு பிள்ளை அரைக்கிலோ குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போடுகிறவள் நான்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

எங்களைக் குளிக்கச் சொல்லி, புதுப் போர்வை போட்டு, நடுவில் திரை கட்டி வைத்தார்கள். நோயாளி வாயைத் திறக்கக் கூடாது, கேட்டதற்கு மட்டும் பதில். திரைக்கு வெளியே பெஞ்சில் அவரும் தாரிணியும். திரைக்குக் கீழே அவளுடைய செருப்பு தெரிந்தது.

ரெண்டாவது ஆளாக எனக்கு வந்தது ஜெபசிங். என்னைத் தெரியாத மாதிரி "வணக்கம்மா" என்றான். நான் திரும்பிப் படுக்கவில்லை. அவனே, "இடது பக்கம் சாஞ்சு படுங்கம்மா" என்றான். பட்டும் படாமல் வைத்தான்.

பரீட்சை வைக்கிறவர் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்தவர், நரைத்த மீசை. கூடவே சீஃப் டாக்டரம்மா. ஜெபசிங் எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னான். பெரியவர் தானும் கேட்டுப் பார்த்துவிட்டு, "சரியாச் சொல்லீட்டீங்க" என்றார். பையன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிழைத்துவிட்டான்.

பெரியவர் எழுந்தார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்துவிட்டேன்.

"ராஜகனி! இது பரீட்சை" என்றார்கள் சீஃப் டாக்டரம்மா.

"சார், என் பிள்ளைய ஒரே ஒரு தடவ கேளுங்க சார். வெளியில ஒக்காந்திருக்கா. எனக்கு வந்தாப்புலயே அவளுக்கும்... எக்கோவுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு சார்."

"பிள்ளைக்குச் சத்தம் இருக்குதுன்னு யாருங்கம்மா சொன்னது?" என்றார்.

நான் யாரையும் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. அந்தப் பையன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். பாஸான மாதிரிதான், கதவு அங்கேதான் இருக்கிறது.

"நான் சார்" என்றான். "ஹார்ட்டோட நுனியில ஆரம்பிச்சு கக்கம் வரைக்கும் போகுது சார். நெசமாவே கேட்டேன்."

சீஃப் டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்கள். பெரியவர் கையிலிருந்த மார்க் பேப்பரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "அந்தப் புள்ளையக் கூட்டியாங்க" என்றார்.

தாரிணி என் கட்டிலில், என் இடத்தில் உட்கார்ந்தாள். நான் தரையில் நின்றேன். பெரியவர் ஸ்டெத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி வைத்தார். அப்போது நான் என்ன வேண்டினேன் என்று எழுதுகிறேன். பாவி நான். இந்தப் பையனுக்குக் காது சரியில்லை என்று ஆகட்டும், ஃபெயிலாகட்டும், இன்னும் பத்துத் தடவை எழுதட்டும், மாரியாத்தா, இவன் கேட்டது பொய்யாகட்டும் என்று வேண்டினேன். எனக்காகத் தன் பரீட்சையைத் தூக்கிப் போட்ட பிள்ளையை.

பேசுங்கள் சார், "ஒண்ணுமில்ல" என்று வேகமாகத் தலையை ஆட்டுங்கள் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் கண்ணை மூடினார். அசையாமல் இருந்தார். பிறகு அவர் கை மெதுவாகக் கக்கத்துக்கு நகர்ந்தது. தாரிணி கூச்சத்தில் சிரித்தாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

எக்கோ எடுத்துவிட்டார்கள். கசிவுதான். காய்ச்சல் இன்னும் இதயத்துக்குள் இருக்கிறதாம். குழந்தைகள் வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

குழந்தைகள் வார்டு அடுத்த கட்டடத்தில், மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. நான் படி ஏறக் கூடாது, அவள் இறங்கக் கூடாது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் அந்தக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. அவர் காலையிலிருந்து இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கிறார். ஊசி விஷயத்தை நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன். பிறகு, "அவளுக்கு நிறுத்தக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போனார்.

சீஃப் டாக்டரம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கே கேட்டிருக்கணும் என்றார்கள். மருந்து கொடுத்தால் கசிவு குறையலாம், குறையாமலும் போகலாம், இப்போது யாராலும் சொல்ல முடியாதாம். ஜெபசிங் ரிசல்ட் இன்னும் வரவில்லை. அவன் தினமும் ரெண்டு வேளை மூன்றாம் மாடிக்குப் போய்வந்து என்னிடம் சொல்கிறான். எப்படிக் கேட்கிறது என்று நான் கேட்பதில்லை.

நாளைக்கு எனக்கு பலூன்.

சாயந்திரம் அவருடைய போனிலிருந்து தாரிணி பேசினாள். சாப்பாடு நல்லா இல்லையாம், பக்கத்துக் கட்டில் பையன் டி.வி. ரிமோட்டைத் தர மாட்டேன் என்கிறானாம்.

அப்புறம் குரலில் கொஞ்சம் பெருமையோடு, "அம்மா, இன்னிக்கு எனக்கு இருபத்தாறு பேரு வந்தாங்கம்மா. டாக்டருக்குப் படிக்கிற அக்காங்க. எனக்கு ரொம்ப நல்ல மர்மராம். பிஸ்கட்டு குடுத்தாங்க" என்றாள்.

சத்தம் போட்டு அழுதால் அவளுக்குக் கேட்கும்.

"வலிக்குதாடி?" என்றேன்.

"ஒரு அக்கா மட்டும் ரொம்ப அழுத்துறாங்கம்மா."

"மெதுவா வைக்கச் சொல்லும்மா" என்றேன். "அழுத்துனா கேக்காதுன்னு சொல்லு. அம்மா சொன்னாங்கன்னு சொல்லு."